வரதராஜ முதலியார்: ஒரு ஆளின் பெயர் ஒரு ஏரியாவின் முகவரி ஆனது எப்படி?

நீங்கள் விக்ரோலியில் வேலை பார்க்கிற தமிழர் என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ். புது டீமில் ஒருவர், எங்கே தங்கியிருக்கீங்க என்று கேட்கிறார். தாராவியில் என்கிறீர்கள். ஒரு நொடி தயக்கம், பிறகு ஒரு சிரிப்பு, அடுத்து கமல்ஹாசன் பேச்சோ வரதா பாய் பேச்சோ வந்துவிடும். அதே கேள்விக்கு மாட்டுங்கா என்று பதில் சொல்லிப் பாருங்கள். பேச்சு ஃபில்டர் காபிக்கும் மல்லிகைப்பூவுக்கும் போகும்.

இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதைதான். விக்ரோலியில் சிஎஸ்எம்டி போகிற ஸ்லோ ட்ரெயின் பிடித்தால் காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான், அதற்கடுத்தது மாட்டுங்கா. சயானைத் தாண்டும்போது வலது பக்க ஜன்னலில் தெரிவது தாராவி. இடது பக்கம் மாட்டுங்கா கிழக்கு. ரெண்டு பக்கமும் தமிழர்கள் நூறு வருஷத்துக்குக் குறையாமல் வாழ்கிறார்கள். அப்புறம் ஏன் ஒரு ஜன்னலுக்குக் காபி, இன்னொரு ஜன்னலுக்குக் கத்தி?

இதற்குப் பதில் தேட ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1988-இல் இறந்துபோன வரதராஜன் முனுசாமி முதலியார். 'நாயகன்' பார்த்திருப்பீர்கள், அதனாலேயே தெரிந்த கதை என்று தாண்டிவிட வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வி இல்லை. சாராயம், கடத்தல், கட்டப்பஞ்சாயத்து என்று வளர்ந்தவர் அவர், அதைப் பூசி மெழுக ஒன்றுமில்லை. அவரைப் பற்றிய செய்தி எப்படி எழுதப்பட்டது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் நம் விஷயம்.

இரண்டு தமிழர், ஒரு பட்டம்

மாட்டுங்கா திட்டமிட்டுக் கட்டிய பகுதி. 1896 பிளேக் நோய்க்குப் பிறகு ஆங்கிலேய அரசு அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட மனைகளில் அது எழுந்தது. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டு வந்த பையன்கள் ரயில்வேயிலும் வங்கியிலும் கம்பெனிகளிலும் கிளார்க் ஆனார்கள். 1932-இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கினார்கள். கோயில், சபா, மெஸ், இட்லி கடை எல்லாம் வந்தது.

தாராவியின் வரலாறு வேறு. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம் அது. கோலி மீனவர்களின் கிராமம் முதலில் இருந்தது. நகரத்துக்குள் நாற்றம் வேண்டாம் என்று தோல் பதனிடும் தொழிலை நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளியபோது அந்தத் தொழில் தெரிந்த திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும். அங்கே உள்ள பெரிய மசூதி 1887-இல் கட்டியது, பிள்ளையார் கோயில் 1913-இல். அதாவது, இன்றைக்கு மும்பையில் விலை உயர்ந்த பல ஏரியாக்களைவிட தாராவி மூத்தது.

சாதி வேறு, தொழில் வேறு, பேசுகிற தமிழே வேறு. தண்டவாளத்தின் இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கம் சம்பந்தம் பேசியதில்லை. மாட்டுங்காவில் வீடு வாடகைக்குத் தேடும்போது நீங்கள் எந்தப் பக்கத்துத் தமிழர் என்பதை மாட்டுங்காத் தமிழரே விசாரித்துத்தான் கொடுப்பார், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் ஊருக்கு அவர்கள் இருவரும் ஒரே ஆள்தான்: மதராசி. உடுப்பி ஹோட்டல் வைத்திருந்த கன்னடரும், மலையாளி நர்ஸும், தெலுங்குக் கட்டடத் தொழிலாளியும்கூட அந்தப் பட்டத்துக்குள்தான் அடங்கினார்கள்.

பெயர்ப் பட்டியல் போட்ட பத்திரிகை

பட்டத்துக்கு ஒரு அரசியல் உருவம் கிடைத்தது 1960-இல். அந்த ஆகஸ்ட் மாதம் 'மார்மிக்' என்ற மராத்தி கார்ட்டூன் வாரப் பத்திரிகையை பால் தாக்கரே தொடங்கினார். அதற்கு முன் அவர் வேலை பார்த்தது ஃப்ரீ பிரஸ் ஜர்னலில். அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர் எஸ். சதானந்த், ஒரு தமிழர் என்பது இந்தக் கதையின் பக்கவாட்டுச் சுவாரசியம்.

மார்மிக் செய்த ஒரு காரியம் எளிமையானது, பயங்கரமானதும்கூட. கம்பெனிகளிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்கிற அதிகாரிகளின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. டைரக்டரியில் இருந்து எடுத்துப் போட்ட மாதிரி, வேறு விமர்சனம் எதுவும் பெரிதாக இல்லாமல். தென்னிந்தியப் பெயர்களைப் பார்த்துவிட்டு மராத்திப் பெயர் எத்தனை என்று வாசகரே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். படித்துவிட்டுச் சும்மா இரு என்கிற பொருளில் முதலில் தலைப்பு இருந்தது. பிறகு அது படித்துவிட்டு எழுந்திரு என்று மாறியது. 1966 ஜூனில் சிவசேனா பிறந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லணும். மராத்தி இளைஞர்களின் வேலையில்லாக் கோபம் கற்பனை இல்லை. தங்கள் மாநிலத் தலைநகரில் அவர்களே பாதிக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது மில் முதலாளியின் முகம் கிடைக்கவில்லை, டிபன் பாக்ஸோடு ட்ரெயின் ஏறும் கிளார்க்கின் முகம் கிடைத்தது. கிளார்க் என்ன செய்வார்? கோயிலுக்குப் போவார், பிள்ளையைப் படிக்க வைப்பார். பயமுறுத்தும் ஆள் என்று அவரை ரொம்ப நாள் காட்ட முடியாது. அதற்குப் பொருத்தமான ஆள் சதுப்பு நிலத்துப் பக்கம் வளர்ந்துகொண்டிருந்தார்.

விக்டோரியா டெர்மினஸ் போர்ட்டர்

வரதராஜன் பிறந்தது 1926. ஊர் தூத்துக்குடி. பம்பாய்க்கு வந்து விக்டோரியா டெர்மினஸில் போர்ட்டராக மூட்டை சுமந்தார். அங்கிருந்து சாராயத் தொழிலுக்கு அவர் போன கதையைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1949 பம்பாய் மதுவிலக்குச் சட்டம். மொரார்ஜி தேசாய் உள்துறை அமைச்சராக இருந்த காலம். 1950-இலிருந்து மாகாணம் முழுக்க மது கிடையாது. பிற்பாடு தளர்த்தியபோது பெர்மிட் முறை வந்தது. பெர்மிட் வாங்குகிற வசதி யாருக்கு உண்டு? கப்பலில் மூட்டை இறக்குகிறவருக்கும் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்கும் இல்லை. குடிப்பதை அவர்களும் நிறுத்தவில்லை.

அழுகின வெல்லமும் நவச்சாரமும் போட்ட ஊறலைப் புதைத்து வைக்கச் சேறு வேண்டும், மறைப்பு வேண்டும், போலீஸ் ஜீப் நுழைய முடியாத சந்து வேண்டும். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் மூன்றும் இருந்தது. காய்ச்சியதை லாரி ட்யூபில் ஊற்றி நகரத்துக்குள் அனுப்பினார்கள். வரதராஜன் அந்தத் தொழிலின் தலைவர் ஆனார். துறைமுகச் சரக்குத் திருட்டு, சூதாட்டம், நிலம் வளைப்பது என்று கை நீண்டது.

இன்னொரு பக்கமும் இருந்தது. தாராவிக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, ரேஷன் கார்டு கிடைக்காது. 1976-இல் குடிசைகளை முதன்முதலாகப் பெரிய அளவில் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுக்கும்வரை, அங்கே வாழ்ந்தவர்கள் மாநகராட்சியின் கணக்கில் கிட்டத்தட்ட இல்லாதவர்கள். அந்த வேலைகளை முடித்துக் கொடுத்தவர் வரதா. இலவசமாக இல்லை. கல்யாணத்துக்குப் பணம், ஆஸ்பத்திரிக்குப் பணம், வழக்குக்குத் தீர்ப்பு எல்லாம் அவரிடம் கிடைத்தது, பதிலுக்கு விசுவாசமும் மௌனமும் கேட்டார். அரசாங்கம் விட்டுவைத்த காலி இடத்தில் அவர் உட்கார்ந்தார் என்பதே சரியான விவரிப்பு. அதைச் செய்தியாக எழுதினால் மாநகராட்சியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும்.

மஸ்தானுக்கு ஏரியா இல்லை

ஒரு ஒப்பீடு பாருங்கள். அதே தலைமுறை, அதே கூட்டாளி வட்டம், அவரும் தமிழர்தான்: ஹாஜி மஸ்தான். ராமநாதபுரம் பக்கம் பனைக்குளம் சொந்த ஊர். துறைமுகத்தில் வேலை பார்த்து, தங்கக் கடத்தலில் பணம் சேர்த்தவர். வெள்ளை உடை, பென்ஸ் கார், சினிமா நடிகர்களின் நட்பு. வீடு பெடர் ரோடு பக்கம், நகரத்தின் பணக்காரப் பகுதியில்.

மஸ்தானைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் பெடர் ரோட்டில் குடியிருக்கிறேன் என்று சொன்ன யாரையும் பம்பாய் சந்தேகமாகப் பார்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அவருடைய குற்றம் அவரோடு நின்றது. வரதாவின் குற்றம் அவர் இருந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

இது அந்த இருவரோடு முடியவில்லை. 1992-இல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை மோசடி வெளியே வந்தபோது அவர் குடியிருந்தது வொர்லியில், கடலைப் பார்த்த வீட்டில். அதை யாராவது வொர்லி மோசடி என்றார்களா? வசதியான இடத்தில் நடந்த குற்றத்துக்கு ஆள் பெயர் வைக்கிறார்கள், வசதியில்லாத இடத்தில் நடந்தால் ஏரியா பெயர். அடுத்த முறை செய்தித் தலைப்பைப் பார்க்கும்போது நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

கிரைம் பீட் எப்படி வேலை செய்யும்

செய்தி அறையில் வேலை பீட் பீட்டாகப் பிரியும். ஒருத்தர் மாநகராட்சி, ஒருத்தர் மந்திராலயா, ஒருத்தர் வணிகம், ஒருத்தர் கிரைம். கிரைம் நிருபருக்கு முக்கியமான ஊற்று போலீஸ். கிராஃபர்ட் மார்க்கெட் எதிரே இருக்கிற கமிஷனர் அலுவலகத்தில் சொல்வதுதான் பெரும்பாலும் மறுநாள் செய்தி. போலீஸ் கும்பலைப் பெயராலும் இடத்தாலும் பிரித்து வைத்திருக்கும், நிருபரும் அதே கட்டங்களை எடுத்துக்கொள்வார். இதில் சதி எதுவும் இல்லை. டெட்லைன் இருக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

சிக்கல் எங்கே என்றால், தாராவிக்கு கிரைம் நிருபரைத் தவிர வேறு யாரும் தொடர்ந்து போகவில்லை. தோல் ஏற்றுமதி பற்றி வணிகப் பக்கம் எழுதவில்லை. அங்கிருக்கிற தமிழ்ப் பள்ளிகளைக் கல்விப் பக்கம் எழுதவில்லை. விடியற்காலை மாவு ஆட்டி, சைக்கிளில் நகரமெங்கும் இட்லி கொண்டுபோகிற குடும்பங்களைப் பற்றி சாப்பாட்டுப் பக்கம் எழுத ரொம்ப வருஷம் ஆனது. ஒரு ஊருக்கு ஒரே ஒரு வகைச் செய்தி வந்துகொண்டே இருந்தால், அந்தச் செய்தி ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்தாலும், சேர்ந்து உருவாகிற படம் பொய்யாகிவிடும். தனித்தனியாகத் திருத்த முடியாத பொய்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பம்பாயில் மாலைப் பத்திரிகைப் போட்டி சூடுபிடித்தது. மிட்-டே 1979-இல் வந்தது, ஆஃப்டர்நூன் 1985-இல். ஆபீஸ் விட்டு ட்ரெயினில் நின்றுகொண்டே படிக்கிறவருக்கு தாதா கதை வேண்டும். அதே நேரத்தில் டெபுடி கமிஷனர் ஒய்.சி. பவார் வரதாவைக் குறிவைத்தார். நேர்மையான, பிடிவாதமான அதிகாரி. ரெய்டு மேல் ரெய்டு நடந்தது. ஹீரோ, வில்லன், தினம் ஒரு காட்சி என்று கதை தானாக அமைந்துவிட்டது.

அதில் ஒரு பெரிய காட்சி விநாயகர் சதுர்த்தி. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே வரதா போட்ட கணபதி பந்தல் நகரத்திலேயே பிரசித்தம். மைல் கணக்கில் வெளிச்சம், சினிமாக்காரர்கள் வருகை, கும்பிட வந்த கூட்டம். போலீஸ் நெருக்கிய பிறகு பந்தல் வருஷா வருஷம் சுருங்கியது. பந்தல் சைஸை வைத்தே வரதாவின் செல்வாக்கை அளந்தார்கள். கொஞ்ச தூரத்தில் கிங்ஸ் சர்க்கிளில் கொங்கணி பேசும் ஜிஎஸ்பி சமூகத்தின் கணபதியும் இருக்கிறார். இப்போதும் ஒவ்வொரு வருஷமும் அவருக்கு எத்தனை கிலோ தங்கம், எத்தனை கோடிக்கு இன்ஷூரன்ஸ் என்று செய்தி வரும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு பந்தல் பக்திச் செய்தியாகவும் இன்னொன்று கிரைம் செய்தியாகவும் படிக்கப்பட்டபோது, ரெண்டாவது பந்தலில் நின்று கும்பிட்ட சாதாரண தோல் தொழிலாளியும் கிரைம் செய்திக்குள் போய்விட்டார்.

1983-இல் வந்த 'அர்த் சத்யா' இந்திப் படத்தின் வில்லன் ராமா ஷெட்டி வரதாவை வைத்து எழுதப்பட்டவர் என்று பரவலாகச் சொல்வதுண்டு. தூத்துக்குடி முதலியார் எப்படி மங்களூர்ப் பக்கத்து ஷெட்டி ஆனார் என்று கேட்காதீர்கள். மதராசி என்ற பட்டத்துக்குள் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லை.

அதே வருஷங்களில் இன்னொரு தமிழர்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது என்னை அதிகம் நிறுத்தியது வரதாவின் கதை இல்லை, அதே காலத்தில் நடந்த வேறொன்று.

சேலத்திலிருந்து நிலமில்லாத ஒரு கூலித் தொழிலாளி 1961-இல் பம்பாய் வந்தார். ஊரில் வறட்சி, வேலை இல்லை. கெமிக்கல் கம்பெனி ஒன்றில் தினக்கூலி 23 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம் பிளாஸ்டிக் ஷீட் போட்ட ஒரு தங்குமிடம். அதற்கு ஒரு குடிசை தாதா அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். 1981 ஜூலையில் முதல்வர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதையில் வாழ்கிறவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். ஜூலை 23 அன்று அந்தக் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தை பஸ்ஸில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்க, அவர் மட்டும் வேலை தேடி பம்பாய்க்குத் திரும்பி வந்து, மறுபடி ஒரு நடைபாதைக் குடிசைக்குள் போனார்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த வெளியேற்றத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் ஓல்கா டெல்லிஸ், ஒரு பத்திரிகையாளர். அவர் பெயரால் அறியப்படும் வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை வாழ்வதற்கான உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இன்றும் சட்டக் கல்லூரியில் அதைப் படிக்கிறார்கள்.

பாருங்கள், 1981-இலிருந்து 1985 வரை, வரதாவைப் பற்றி தினம் எழுதிய அதே நகரத்தில் இந்தத் தமிழரின் வழக்கும் நடந்தது. தாதாவுக்குப் பணம் கட்டியவர் இவர். புல்டோசருக்கு வீட்டைக் கொடுத்தவர் இவர். எண்ணிக்கையில் பார்த்தால் மும்பைத் தமிழர்களில் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்கள்தான், வரதாவைப் போல அல்ல. ஆனால் உங்கள் ஆபீஸ் நண்பருக்கு வரதாவைத் தெரியும். பிழைப்பு உரிமை என்கிற இந்திய நீதித்துறையின் முக்கியமான வரி ஒரு சேலத்துக் கூலித் தொழிலாளியின் கதையை வைத்தும் எழுதப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. நமக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையில் போட்ட தாராவி

எண்பதுகளின் நடுவில் வரதா பம்பாயை விட்டு சென்னைக்கு ஒதுங்கினார். 1987 அக்டோபரில், தீபாவளிக்கு, மணிரத்னத்தின் 'நாயகன்' வெளியானது. கமலுக்கு தேசிய விருது, பி.சி. ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும்கூட. படத்தில் நாம் பார்க்கிற தாராவி பெரும்பாலும் தரணி சென்னையில் போட்ட செட். தாராவியை ஒருமுறைகூடப் பார்க்காத கோடிக்கணக்கான தமிழர்களின் மனசில் இருக்கிற தாராவியும் அதுதான்.

இந்தி, மராத்திப் பத்திரிகைகளும் ஆங்கிலப் பத்திரிகைகளும் செய்ததை நாம் திருப்பிப் போட்டுச் செய்தோம் என்று சொன்னால் கோபம் வரலாம். வில்லனைக் காவியத் தலைவனாக்கினோம். பெருமையாக இருந்தது. அவமானப்பட்ட இடத்தில் ஒரு ஆள் நிமிர்ந்து நின்றார் என்கிற திருப்தி புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் இரண்டு கதையிலும் தாராவி என்றால் ஒரு தாதாவும் அவர் பின்னால் நிற்கும் கூட்டமும்தான். கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. முப்பது வருஷம் கழித்து 2018-இல் 'காலா' வந்தபோது பேச்சு நிலத்துக்கு நகர்ந்தது, நல்ல விஷயம். நடுவில் நின்றவர் அப்போதும் ஒரு தாதாதான்.

வரதா 1988 ஜனவரி 2 அன்று சென்னையில் மாரடைப்பில் இறந்தார். அவர் ஆசைப்படி உடலை ஹாஜி மஸ்தான் தனி விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவந்தார் என்று பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 23 அன்று, தாக்கரே 'சாம்னா' நாளிதழைத் தொடங்கினார். அதற்குள் அந்தக் கட்சியின் எதிரி மாறியிருந்தார். மதராசியின் இடத்தில் முஸ்லிம் நிறுத்தப்பட்டார். 1992-93 கலவரத்தில் தாராவியும் எரிந்தது. மதராசி என்ற சொல்லின் கூர்மை மழுங்கிப்போனது. ஏரியா மேல் விழுந்த கறை மட்டும் அப்படியே இருந்தது.

பிரிட்டனில் நடந்த அதே கதை

இது பம்பாய்க்கு மட்டும் உரிய வியாதி இல்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் வழிப்பறிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சொல்லை இறக்குமதி செய்தன: மக்கிங். குற்றம் பழசு, பெயர் புதுசு. அந்தப் பெயரோடு கறுப்பின இளைஞன், அவன் வாழும் தெரு என்கிற படமும் சேர்ந்தே வந்தது. பர்மிங்காமில் ஹாண்ட்ஸ்வொர்த் பகுதி அதற்கு அடையாளமாகிவிட்டது. நீதிபதிகள் மக்களின் பயத்தைக் காரணம் காட்டிக் கடும் தண்டனை கொடுத்தார்கள், அந்தத் தண்டனையே பயத்துக்கான ஆதாரமாக மறுநாள் தலைப்புச் செய்தி ஆனது. ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். போலீஸ், கோர்ட், பத்திரிகை மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டு வட்டம் போடுவதை அதில் விரிவாகக் காட்டுகிறார்கள். ஹாண்ட்ஸ்வொர்த் இருக்கும் இடத்தில் தாராவியைப் போட்டுப் படித்தாலும் நிறையப் பக்கங்கள் பொருந்தும்.

விக்ரோலி ஏன் தப்பித்தது

இப்போது உங்கள் ஆபீஸ் இருக்கிற இடத்துக்கு வருவோம். 2004 டிசம்பரில் விக்ரோலியில் கள்ளச்சாராயம் குடித்து 87 பேர் செத்தார்கள். மும்பை கண்ட மிக மோசமான சாராயச் சாவுகளில் ஒன்று. நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விக்ரோலி என்றதும் யாருக்காவது அது நினைவுக்கு வருகிறதா?

வராது. ஏனென்றால் விக்ரோலிக்கு வேறு செய்திகளும் இருந்தன. முதல் பொதுத்தேர்தலுக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுப்பெட்டி செய்த கோத்ரெஜ் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அலையாத்திக் காடு பற்றிச் சுற்றுச்சூழல் பக்கம் எழுதும், புது ஆபீஸ் பார்க் பற்றி ரியல் எஸ்டேட் பக்கம் எழுதும், கன்னம்வார் நகர் மறுகட்டுமானம் பற்றி மாநகராட்சி நிருபர் எழுதுவார். பல பீட்கள் வந்துபோகிற இடத்தில் ஒரு துயரம் ஒரு துயரமாகவே நின்றுவிடும், ஊரின் பெயராக மாறாது. பார்க்சைட் பகுதியில் மலைச் சரிவில் குடிசைகள் இருந்தும், அங்கே தமிழ்க் குடும்பங்கள் இருந்தும், விக்ரோலி தாராவி ஆகவில்லை.

தாராவிக்கு அந்த வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைத்தது. 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்துபோன பிறகு நாடே எழுதியது, ஆசியாவின் பெரிய குடிசைப்பகுதி என்ற பட்டத்தோடு. 2020 ஏப்ரல் 1 அன்று முதல் கொரோனா தொற்று பதிவானபோது பிணம் விழும் கணக்கைப் போட ஆரம்பித்தார்கள். ஜூலையில் உலக சுகாதார அமைப்பு தாராவியை முன்னுதாரணமாகக் குறிப்பிட்டது. அந்தப் பாராட்டு சில வாரம் ஓடியது.

அடுத்த ஸ்டேஷன்

இது பழங்கதை இல்லை என்பதற்கு உங்கள் ஆபீஸ் ஜன்னலே சாட்சி. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே இடம். அதற்காக 2024-இல் மாநில அரசு காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் சுமார் 256 ஏக்கர் ஒதுக்க முடிவெடுத்தது. காஞ்சூர்மார்க் விக்ரோலிக்கு அடுத்த ஸ்டேஷன்.

முலுண்டில் எதிர்ப்பு எழுந்தது. ரோடு தாங்காது, தண்ணீர் போதாது, ட்ரெயினில் கால் வைக்க இடமில்லை, உப்பளத்தை மூடினால் வெள்ளம் வரும் என்றார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். தாராவிக்காரர்களே அங்கே போக விரும்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் உங்கள் ஹவுசிங் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு வரும்போது கொஞ்சம் கவனியுங்கள். எத்தனையாவது மெசேஜில் தண்ணீரும் ரோடும் முடிந்து, வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்கிற பேச்சு தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த மெசேஜை அனுப்புகிறவர் தமிழராகவும் இருக்கலாம்.

தாராவியில் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் வீட்டுக் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். மாடியில் தையல் மெஷின் போட்டுக் குடியிருக்கும் ஒருவர் நாளைக்குக் காஞ்சூர்மார்க்கில் வந்து விழலாம். வேலை அப்போதும் தாராவியில்தான். காலையில் அவர் ஏறுகிற ஸ்லோ ட்ரெயின் அடுத்ததாக நிற்கும் இடம் விக்ரோலி.